மனத்திறன் தேர்வுக்குப் பயிற்சி கொடுத்தால் கூடுவது எது?

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். திரும்பச் சொன்ன இடங்கள் மட்டும் நீக்கப்பட்டுள்ளன.)

போன பகுதியில் நினைவாற்றலைப் பற்றிப் பேசும்போது போகிற போக்கில் ஒன்று சொன்னேன், ஐக்யூ தேர்வுக்குக்கூடப் பயிற்சி எடுத்தால் மதிப்பெண் ஏறும் என்று. அதைப் பிடித்துக்கொண்டு நிறையப் பேர் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். ஒரு கேள்வி அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியர் ஒருவரிடமிருந்து, குரல்பதிவாக வந்தது. சுருக்கிச் சொல்கிறேன்.

"எட்டாவது பிள்ளைங்களை என்.எம்.எம்.எஸ். பரீட்சைக்குத் தயார் பண்றேன். சாயங்காலம் ஒரு மணி நேரம், சனிக்கிழமை அரை நாள். நல்லா மார்க் எடுக்கிறாங்க. கூட வேலை பார்க்கிற சார் ஒருத்தர் சொல்றார், 'இது திறமையைச் சோதிக்கிற பரீட்சை, நீங்க கிளிப்பிள்ளை மாதிரி பழக்கி அனுப்புறீங்க, நிஜமாவே அறிவுள்ள பிள்ளையோட இடத்தைப் பழக்கப்பட்ட பிள்ளை எடுத்துக்குது'ன்னு. அதுல இருந்து மனசு சரியில்லை. நான் செய்றது சரியா?"

நல்ல கேள்வி. அந்தச் சக ஆசிரியர் சொன்னதும் ஒதுக்கிவிடக்கூடிய பேச்சு இல்லை. இன்றைக்கு முழுக்க இதைத்தான் பேசப்போகிறோம்.

தேர்வைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். என்.எம்.எம்.எஸ். என்பது தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் திட்டம். 2008இல் மத்திய அரசு தொடங்கியது. அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் எட்டாவது படிக்கிற, பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்தைத் தாண்டாத பிள்ளைகளுக்கானது. தேர்வானால் ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை மாதம் 1,000 ரூபாய். நான்கு வருடத்துக்கு 48,000. நாடு முழுக்க ஒரு லட்சம் இடம். தமிழ்நாட்டுக்கு 6,695. கூலிக்குப் போகிற அம்மா இருக்கிற வீட்டில், பத்தாவதோடு பிள்ளையை வேலைக்கு அனுப்பிவிடலாமா என்ற பேச்சை அந்த ஆயிரம் ரூபாய் தள்ளிப்போடும். அதனால் இதைச் சும்மா ஒரு கல்வியியல் விவாதமாக நினைக்காதீர்கள்.

இரண்டு தாள். ஒன்று மனத்திறன் தேர்வு, ஆசிரியர்கள் வாயில் 'மேட்'. இன்னொன்று படிப்பறிவுத் தேர்வு, 'சாட்'. இரண்டிலும் 90 கேள்வி, 90 நிமிடம். சாட் தாளில் வருவது ஏழாவது, எட்டாவது பாடம்: கணக்கு, அறிவியல், சமூக அறிவியல். மேட் தாளில் பாடமே கிடையாது. எண் தொடர், ஒப்புமை, குறியீடு, திசை, நாட்காட்டி, கண்ணாடியில் தெரிகிற உருவம், இந்த மாதிரி. யாரும் சொல்லிக்கொடுக்காமலே ஒரு பிள்ளை எவ்வளவு யோசிக்கிறது என்று பார்ப்பதுதான் இதன் நோக்கம். அப்படித்தான் காகிதத்தில் இருக்கிறது.

இப்போது ஒரு கேள்வி. கண்ணாடியில் பார்க்கும்போது கடிகாரம் 8 மணி 20 நிமிடம் காட்டுகிறது. உண்மையான நேரம் என்ன?

முதல்முறை கேட்கிற பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு ஒரு கடிகாரத்தை மனதில் கொண்டுவர வேண்டும், அதை இடம் வலமாகத் திருப்ப வேண்டும், சின்ன முள் எங்கே போகிறது, பெரிய முள் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். கஷ்டமான வேலை. கேள்வி சோதிக்க நினைப்பதும் அந்த வேலையைத்தான். பயிற்சி வகுப்புக்குப் போன பிள்ளைக்கு ஒரு வித்தை தெரியும்: 11 மணி 60 நிமிடத்திலிருந்து கழித்துவிடு. 11:60இல் 8:20 போனால் 3:40. முடிந்தது, ஐந்து வினாடி. கடிகாரத்தை மனதில் திருப்பவே இல்லை. கழித்தல் கணக்குதான் போட்டது.

இந்த இடத்தில் அந்தச் சக ஆசிரியர் சொல்வது சரி. வித்தை தெரிந்தபிறகு அந்தக் கேள்வி முன்பு அளந்ததை இப்போது அளக்கவில்லை. மதிப்பெண் ஒன்று கூடியது, மனதுக்குள் உருவத்தைத் திருப்பும் திறன் இம்மியும் கூடவில்லை.

ஆனால் இன்னொரு கேள்வி பாருங்கள். 'கேட்' என்ற இங்கிலீஷ் சொல்லை 3, 1, 20 என்று எழுதினால் 'பேட்' என்பதை எப்படி எழுதுவாய்? யோசனை ரொம்பச் சின்னது, அகர வரிசையில் எத்தனையாவது எழுத்து என்பதுதான். தமிழ் வழியில் படிக்கிற பிள்ளைக்கு யோசனை உடனே வந்துவிடும். ஆனால் இங்கிலீஷ் எழுத்து 'டி' இருபதாவது என்று தெரிய வேண்டுமே? ஏ, பி, சி என்று விரல்விட்டு எண்ணுவாள். கேள்விக்கு ஒரு நிமிடம்தான் கணக்கு. அரை நிமிடம் விரலிலேயே போய்விடும். அந்தப் பிள்ளைக்கு இ, ஜே, ஓ, டி, ஒய் என்றால் 5, 10, 15, 20, 25 என்று பழக்கிவிட்டால், அவளுக்கு ஏற்கெனவே இருந்த யோசனை விடைத்தாளில் வந்து இறங்குகிறது. இங்கே பயிற்சி, நடுவில் கிடந்த ஒரு தடையை எடுத்துப் போடுகிறது. தேர்வு அளக்க நினைத்ததை இப்போதுதான் சரியாக அளக்கிறது.

ஒரே பயிற்சி வகுப்பு, ஒரே மேசை. ஒரு கேள்வியில் அளவுகோல் கெடுகிறது, இன்னொன்றில் நேராகிறது. 'பயிற்சி சரியா தப்பா' என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடைக்காமல் போவதற்கு இதுதான் காரணம்.

தேர்வு எழுதும் பழக்கம் என்று வேறு இருக்கிறது. விடைத்தாளில் வட்டத்தைக் கறுப்பாக்குவது, தெரியாத கேள்வியில் உட்கார்ந்துவிடாமல் தாண்டிப் போவது. என்.எம்.எம்.எஸ்.இல் தப்பு விடைக்கு மார்க் குறைப்பு இல்லை. நான்கு விடையில் ஒன்று. 12 கேள்வியை வெறுமனே விட்டுவிட்டு வருகிற பிள்ளை, கண்ணை மூடிக் குறித்திருந்தால்கூடச் சராசரியாக 3 மார்க் வாங்கியிருக்கும். நேர்மையான பிள்ளைகள்தான் வெறுமனே விடுகிறார்கள், தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதக்கூடாது என்று நாம் சொல்லி வளர்த்ததால்! இது அறிவில் சேருமா? சேராது. ஆனால் மார்க்கில் சேருகிறது.

சரி, எவ்வளவு ஏறும்? இதை நூறு வருடமாக ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். ஜேம்ஸ் குலிக் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவர் கூட்டாளிகளும் 1984இல் பழைய ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமல், அதே தாளை இன்னொரு முறை எழுதினாலே மதிப்பெண் 0.42 திட்டவிலக்கம் ஏறியது. அதே மாதிரியான வேறு தாள் என்றால் 0.23. திட்டவிலக்கம் என்றதும் பயப்பட வேண்டாம். ஐக்யூ கணக்கில் சராசரி 100, ஒரு திட்டவிலக்கம் 15 புள்ளி. ஆக, அதே தாள் என்றால் சுமார் 6 புள்ளி, வேறு தாள் என்றால் மூன்றரை. 2007இல் வந்த இன்னொரு தொகுப்பாய்வு 50 ஆய்வுகளை, ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேருக்கு மேல் சேர்த்துப் பார்த்தது. அதிலும் கிட்டத்தட்ட கால் திட்டவிலக்கம்தான் வந்தது. கூடவே யாராவது சொல்லியும் கொடுத்தால் இன்னும் கொஞ்சம் ஏறுகிறது.

நாலு புள்ளிதானே என்று தோன்றும். தனியாக ஒரு பிள்ளையைப் பார்த்தால் பெரிதில்லைதான். ஆனால் உதவித்தொகைத் தேர்வில் விஷயம் சராசரியில் இல்லை, வெட்டுப்புள்ளியில் இருக்கிறது. ஒரு சின்னக் கணக்கு போடுவோம். எழுதுகிற நூறு பேரில் ஐந்து பேருக்குத்தான் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு கூட்டத்துக்கு மட்டும் பயிற்சி கொடுத்து, அவர்கள் எல்லாருடைய மதிப்பெண்ணும் கால் திட்டவிலக்கம் ஏறினால், அந்தக் கூட்டத்தில் நூற்றுக்கு ஐந்துக்குப் பதில் எட்டு பேர் கோட்டைத் தாண்டுவார்கள். அரைத் திட்டவிலக்கம் ஏறினால் பன்னிரண்டு, பதின்மூன்று பேர். மணி வடிவ வளைகோட்டின் ஓரத்தில் நிற்கும்போது கொஞ்சம் தள்ளினாலே நிறையப் பேர் அந்தப் பக்கம் விழுந்துவிடுவார்கள். ஒரு சின்னப் பள்ளியில் ஒரே ஒரு ஆசிரியர் உட்கார்ந்து பழக்கியதும் அந்தப் பள்ளிப் பெயர் வருடா வருடம் பட்டியலில் வருகிறதே, அதற்கு இந்தக் கணக்கே போதும். அந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் மேதைகளாகிவிட வேண்டிய தேவை இல்லை.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 6,695 இடம் கூடப்போவதில்லை. இவர் பள்ளியில் மூன்று பேர் கூடுதலாக உள்ளே போனால், எங்கேயோ மூன்று பேர் வெளியே போகிறார்கள். யார் அவர்கள்? பெரும்பாலும் இப்படி ஒரு ஆசிரியர் இல்லாத பள்ளிப் பிள்ளைகள். அந்த சார் சொன்ன 'அறிவுள்ள பிள்ளையின் இடம்' என்ற பேச்சில் உண்மை இருப்பது இந்த இடத்தில்தான். இதற்கு என்ன பண்ணலாம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்தப் பஞ்சாயத்து நமக்கு முன்னாடியே இங்கிலாந்தில் ஓடி முடிந்தது. முடிந்தது என்றுகூடச் சொல்ல முடியாது, இன்னும் ஓடுகிறது. 1944இல் அங்கே கல்விச் சட்டம் வந்தபிறகு, பதினொரு வயதில் பிள்ளைகளைத் தேர்வு வைத்துப் பிரித்தார்கள். தேறினால் கிராமர் ஸ்கூல், அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்கு வழி. தேறாவிட்டால் வேறு பள்ளி. அந்த 'லெவன் பிளஸ்' தேர்வில் நுண்ணறிவுத் தாள் முக்கியம். பாடத் தேர்வு என்றால் வசதியான வீட்டுப் பிள்ளை ஜெயித்துவிடும், இது பிறவித் திறனைப் பார்ப்பது, ஏழைப் பிள்ளைக்கும் வாய்ப்பு கிடைக்கும் என்று நம்பித்தான் வைத்தார்கள். நல்ல எண்ணம்தான். உடனே கடையில் பயிற்சிப் புத்தகம் வந்துவிட்டது.

லண்டன் பல்கலைக்கழகத்தில் கல்வி உளவியல் பேராசிரியராக இருந்த பிலிப் வெர்னன் 1950களின் தொடக்கத்தில் இதை ஆராய்ந்தார். அவரும் அந்தக் காலத்து மற்ற ஆய்வாளர்களும் கண்டது இரண்டு விஷயம். ஒன்று, பயிற்சி பலன் தருகிறது, அதை மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. இரண்டாவது இன்னும் முக்கியம்: அந்தப் பலன் சீக்கிரமே தீர்ந்துவிடுகிறது. முதல் சில மணி நேரத்தில், முதல் சில தாள்களில் ஏற வேண்டியது பெரும்பாலும் ஏறிவிடுகிறது. அதன்பிறகு எத்தனை மாதம் உட்கார வைத்தாலும் கோடு படுத்துக்கொள்கிறது. முன்பின் இப்படிக் கேள்வியே பார்க்காத பிள்ளைதான் அதிகம் ஏறுகிறது. இதிலிருந்து வெர்னன் வந்த முடிவு எளிமையானது. பயிற்சியைத் தடுக்க முடியாது. அந்தச் சில மணி நேரத்தை எல்லாப் பிள்ளைக்கும் பள்ளியே கொடுத்துவிடட்டும். அப்போது தனியாகப் பணம் கட்டிப் படிப்பவனுக்குக் கிடைக்கிற முன்னிலை சுருங்கிவிடும்.

எழுபது வருடம் ஆகிவிட்டது. இன்னும் இங்கிலாந்தில் 160க்கு மேல் கிராமர் பள்ளிகள் இருக்கின்றன. தனிப்பயிற்சி ஒரு பெரிய தொழில். லண்டனில் நம் தமிழ்க் குடும்பங்களிலும் ஒன்பது வயதிலேயே இந்தப் பேச்சு ஆரம்பித்துவிடும், ஈழத்திலிருந்து போனவர்கள் வீட்டிலும் சரி, இங்கிருந்து போனவர்கள் வீட்டிலும் சரி. 2013இல் ஸட்டன் டிரஸ்ட் என்ற அமைப்பு ஒரு கணக்கு வெளியிட்டது. கிராமர் பள்ளிகளில் சேருகிறவர்களில், இலவச மதிய உணவுக்குத் தகுதியுள்ள ஏழைப் பிள்ளைகள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. அந்தப் பகுதிகளின் பொதுச் சராசரி 18. இதற்குப் பயிற்சி மட்டும் காரணம் என்று சொல்லிவிட முடியாது, வீடு, புத்தகம், ஆரம்பப் பள்ளியின் தரம் எல்லாம் இருக்கிறது. ஆனாலும் பிறவித் திறனைப் பார்க்கிற தேர்வு என்ற வாக்கு என்ன ஆயிற்று என்று பாருங்கள்.

நடுவில் பக்கிங்ஹாம்ஷைர் மாவட்டத்தில் ஒரு முயற்சி நடந்தது. 2013இல் வேறு ஒரு வினாத்தாளுக்கு மாறினார்கள். டரம் பல்கலைக்கழகத்தின் ஒரு மையம் தயாரித்தது. பயிற்சியால் எளிதில் அசைக்க முடியாது என்ற எதிர்பார்ப்பு. கொஞ்ச நாளில் அந்தத் தேர்வுக்கென்றே தனிப் பயிற்சிப் புத்தகங்கள் அச்சாகி வந்துவிட்டன. சில வருடத்தில் மாவட்டம் பழைய நிறுவனத்தின் தேர்வுக்கே திரும்பிவிட்டது. பழக முடியாத தேர்வு என்று ஒன்றை இதுவரை யாரும் செய்து காட்டவில்லை, செய்யவும் முடியாது என்பது என் எண்ணம். மனிதன் ஒரு தடவை பார்த்ததைவிட இரண்டாவது தடவை பார்க்கும்போது நன்றாகச் செய்வான். அதற்குப் பெயர்தானே கற்றல்?

இதையே தலைகீழாகப் போட்டுப் பார்த்த ஒருவர் இருந்தார், ரூவன் ஃபோயர்ஸ்டைன். 1950களில் இஸ்ரேலில் வேலை செய்தார். மொராக்கோ போன்ற வட ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்து இறங்கிய பிள்ளைகளுக்கு ஐக்யூ தேர்வு வைத்தால் ரொம்பக் குறைவாக வரும். மந்தபுத்தி என்று எழுதி ஒதுக்கிவிடுவார்கள். இவர் என்ன செய்தார் என்றால், முதலில் சோதித்தார். பிறகு அந்தக் கேள்விகளை எப்படி அணுகுவது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். அப்புறம் மறுபடி சோதித்தார். முதல் தேர்வில் ஒரே மாதிரி இருந்த இரண்டு பிள்ளைகளில் ஒன்று நன்றாக ஏறும், இன்னொன்று கொஞ்சமாக ஏறும். அந்த ஏற்றத்தைப் பாருங்கள், முதல் எண்ணைப் பார்க்காதீர்கள் என்றார். இந்த முறைக்கு நேரம் நிறையப் பிடிக்கும், எண்ணாக மாற்றுவதில் சிக்கல் உண்டு, அதனால் பெரிய அளவில் பரவவில்லை. ஆனால் ஒரு வகுப்பறைக்குள் ஆசிரியர் செய்துகொள்வதற்கு இதைவிட நல்ல யோசனை எனக்குத் தெரியவில்லை.

சரி, மதிப்பெண் ஏறுகிறது. புத்தி ஏறுகிறதா? இதில்தான் வியாபாரம் நடக்கிறது. 'மூளைத்திறன் பயிற்சி' என்று துண்டுப் பிரசுரம் வராத பள்ளிவாசல் உண்டா? கண்ணைக் கட்டிக்கொண்டு நிறம் சொல்ல வைக்கிற வகுப்புகளைப் பற்றிப் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம், மூக்கோரம் இருக்கிற இடுக்கு வழியாகப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். அபாகஸைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம். அது உண்மையான திறமை. அதைப் பற்றி நம் நாட்டிலேயே ஒரு நல்ல ஆய்வு நடந்திருக்கிறது, குஜராத்தில் வதோதராவில். டேவிட் பார்னர், மகேஷ் சீனிவாசன் முதலானவர்கள் செய்தது, 2016இல் வெளிவந்தது. சுமார் 200 ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள். குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மனக்கண் அபாகஸ், இன்னொரு பாதிக்கு அதே நேரம் வழக்கமான கூடுதல் கணக்கு வகுப்பு. மூன்று வருடம். முடிவில் அபாகஸ் பிள்ளைகள் கூட்டல் கழித்தலில் முந்தினார்கள், சந்தேகமே இல்லை. ஆனால் நினைவில் வைத்து இயங்கும் திறன் மாதிரியான அடிப்படை அறிதிறன்களில் வித்தியாசம் வரவில்லை. கணக்குப் பழகினார்கள், கணக்கு வந்தது. அதற்காக அபாகஸ் கற்றுக்கொடுக்கலாம், தப்பே இல்லை. 'உங்கள் பிள்ளையின் ஐக்யூ உயரும்' என்று சொல்லிப் பணம் வாங்குவதுதான் தப்பு. அமெரிக்காவில் லூமோசிட்டி என்ற மூளை விளையாட்டு நிறுவனம் இப்படி ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்ததற்காக 2016இல் 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

அப்படியென்றால் எதுவுமே திறனைக் கூட்டாதா? கூட்டும். அது நம் கண் முன்னாலேயே இருப்பதால் யாரும் துண்டுப் பிரசுரம் அடிப்பதில்லை. பள்ளிக்கூடம்! 2018இல் ஸ்டூவர்ட் ரிச்சி, எலியட் டக்கர்-டிராப் இருவரும் ஆறு லட்சம் பேருக்கு மேற்பட்டவர்களின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். கூடுதலாகப் படிக்கிற ஒவ்வொரு வருடமும் ஒன்றிலிருந்து ஐந்து ஐக்யூ புள்ளி வரை ஏற்றுகிறது. நார்வேயில் கட்டாயக் கல்வியை ஏழு வருடத்திலிருந்து ஒன்பதாக்கியபோது, அந்தப் பையன்கள் பத்தொன்பது வயதில் ராணுவத்துக்காக எழுதிய தேர்வில் வருடத்துக்கு 3.7 புள்ளி கூடியிருந்தது. தேர்வுக்கு யாரும் அவர்களைப் பழக்கவில்லை. படித்தார்கள், அவ்வளவுதான். வாசிப்பது, காரணம் சொல்லி எழுதுவது, வகைப்படுத்துவது எல்லாம் வருடக்கணக்கில் சேர்ந்து வருகிற பலன் இது.

இப்போது ஆசிரியரின் கேள்விக்குப் போவதற்குள் பெற்றோர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு வருகிற தொலைபேசிகளில் பாதி இதைப் பற்றித்தான். "பையனுக்கு அடுத்த வாரம் ஐக்யூ டெஸ்ட் வெச்சிருக்காங்க, என்ன சொல்லிக்கொடுத்துக் கூட்டிட்டுப் போகட்டும்?" என்று கேட்கிறார்கள். மருத்துவமனையிலோ மதிப்பீட்டு மையத்திலோ பினே-காமத் தேர்வோ மாலின் தேர்வோ வைக்கப்போகிறார்கள் என்றால், தயவுசெய்து ஒன்றும் சொல்லிக்கொடுக்காதீர்கள். அது போட்டித் தேர்வு கிடையாது. 1905இல் பாரிஸில் ஆல்ஃபிரட் பினே முதல் அளவுகோலைச் செய்ததே, எந்தப் பிள்ளைக்குக் கூடுதல் உதவி வேண்டும் என்று கண்டுபிடிக்கத்தான். காய்ச்சலோடு போகிற பிள்ளைக்கு மாத்திரை கொடுத்து, உடம்பு சூட்டைத் தணித்துவிட்டு டாக்டரிடம் காட்டுவது போல ஆகிவிடும். கேள்வியை முன்கூட்டியே பழக்கி பத்துப் புள்ளி ஏற்றிவிட்டால், சான்றிதழ் கிடைக்காது, சிறப்புப் பயிற்சி கிடைக்காது, பொதுத்தேர்வில் கிடைக்க வேண்டிய சலுகையும் கை நழுவும். 'நார்மல்' என்று காகிதம் வரும், பிள்ளை வகுப்பில் அப்படியே திணறிக்கொண்டிருக்கும். ஒரே தேர்வைத் திரும்ப வைக்க ஓராண்டாவது இடைவெளி விடுவது வழக்கம் என்பதும் இதனால்தான். நன்றாகத் தூங்க வையுங்கள், சாப்பிட வையுங்கள், கண்ணாடி போடுகிற பிள்ளை என்றால் மறக்காமல் எடுத்துப் போங்கள். "மாமா சில விளையாட்டுக் காட்டுவார், தெரிஞ்சதைச் சொல்லு, தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு" என்று சொன்னால் போதும்.

சரி சார், உங்களுக்கு வருகிறேன்.

நீங்கள் செய்வது சரி. உங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள் கொடுப்பதில் பெரும்பகுதி, பட்டணத்துப் பிள்ளைக்குத் தெருமுனையில் விலைக்குக் கிடைப்பது. ஆனால் எவ்வளவு நேரத்தை எதில் போடுகிறீர்கள் என்பதைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். மேட் தாளுக்கு வினா வகைகளை அறிமுகப்படுத்துங்கள், நேரம் வைத்து ஐந்தாறு முழுத் தாள் எழுத வையுங்கள், தப்பானதை உட்கார்ந்து பேசுங்கள். என் கணிப்பில் வரவேண்டியது அதற்குள் வந்துவிடும். அதன்பிறகு இருபதாவது தாள், முப்பதாவது தாள் என்று போவதில் பிள்ளைக்கு அலுப்புதான் மிச்சம். அந்த மணி நேரத்தை சாட் தாளுக்கு மாற்றுங்கள். 180இல் 90 அங்கே இருக்கிறது. எட்டாவது கணக்கில் ஒரு பிள்ளை விகிதத்தைப் புரிந்துகொண்டால், அது தேர்வோடு தீராது. உதவித்தொகை கிடைக்காவிட்டாலும் பத்தாவதில் கூட வரும்.

வித்தைகளை என்ன செய்வது? 11:60 வித்தையைக் கொடுக்காமல் அனுப்பினால் உங்கள் பிள்ளை மட்டும் நஷ்டப்படும். கொடுங்கள். கொடுப்பதற்கு முன்னால் ஒரு நாள் வகுப்பில் நிஜக் கண்ணாடியும் நிஜக் கடிகாரமும் கொண்டுவந்து காட்டுங்கள். ஏன் 11:60 என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். நிஜ நேரத்தையும் கண்ணாடி நேரத்தையும் கூட்டினால் எப்போதும் பன்னிரண்டு மணி வருகிறது என்று ஒரு பெண்ணோ பையனோ சொல்லிவிட்டால், அன்றைக்கு நடந்தது கிளிப்பிள்ளைப் பயிற்சி இல்லை.

இன்னொன்று, இது கொஞ்சம் சங்கடமான விஷயம். யாரைப் பயிற்சிக்கு எடுக்கிறீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. பல பள்ளிகளில் 'படிக்கிற பிள்ளைங்க' என்று ஏழெட்டுப் பேரை ஆசிரியரே பொறுக்கிவிடுகிறார். தேர்வு நடப்பதற்கு முன்பே ஒரு தேர்வு நடந்துவிடுகிறது, அதற்கு வினாத்தாளே கிடையாது. விண்ணப்பிக்கத் தகுதியுள்ள எல்லாரையும் முதல் மூன்று வாரம் உட்கார வையுங்கள். முதல் நாள் ஒரு தாள், மூன்றாவது வாரக் கடைசியில் ஒரு தாள். முதல் தாளில் 25 எடுத்து இரண்டாவதில் 45 எடுக்கிற பிள்ளை ஒன்று கண்டிப்பாக இருக்கும். பின் பெஞ்சில் இருக்கும். முதல் தாளை மட்டும் பார்த்தால் அதை விட்டிருப்பீர்கள்.

அந்த வெளியே போகிற மூன்று பேர் விஷயம். அதை ஒரு ஆசிரியர் மட்டும் தீர்க்க முடியாது. ஆனால் உங்களிடம் இருக்கிற தாள்கள், நீங்கள் எழுதிவைத்திருக்கிற குறிப்புகள், இவற்றை உங்கள் ஒன்றியத்தில் இருக்கிற மற்றப் பள்ளிகளின் வாட்ஸ்அப் குழுவில் போடலாம். குறுவள மையக் கூட்டத்தில் அரை மணி நேரம் கேட்டு வாங்கி, மற்ற ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். வெட்டுப்புள்ளி ஏறும், உங்கள் பள்ளியின் எண்ணிக்கை ஒன்று இரண்டு குறையலாம். தலைமையாசிரியர் முகம் சுளிக்கலாம். அப்போது அந்தச் சக ஆசிரியரையும் கூட அழைத்துக்கொண்டு போங்கள், அவர் கேட்டது இதைத்தான்.

அடுத்த பகுதியில் கையெழுத்தைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறேன். தட்டச்சுக் காலத்தில் கையால் எழுதிப் படிப்பதில் இன்னும் பலன் இருக்கிறதா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். என்.எம்.எம்.எஸ். பயிற்சி கொடுக்கிற ஆசிரியர்கள் முதல் தாள், மூன்றாவது வாரத் தாள் இரண்டையும் வைத்துப் பார்த்திருந்தால், பிள்ளைகள் பெயர் இல்லாமல் எண்களை மட்டும் எனக்கு அனுப்புங்கள், ஒரு பகுதி முழுக்க அதை வைத்தே பேசலாம். வணக்கம்.